வெறுங்கையோடு எப்படிப் போவது?

பட்டிமன்றத் தலைப்பு: கிறிஸ்துமஸ் மகிழ்ச்சி பெரிதும் இருப்பது கொடுக்கிற பரிசிலா, கூடிக் கழிக்கிற சின்னச் சின்னப் பொழுதுகளிலா?
‘பரிசிலே’ என்ற அணியின் உரை
இடம்: குமரி மாவட்டம், திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஊர்க் கிறிஸ்துமஸ் விழா மேடை

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, என் அணியினரே, எதிரணியில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, மழை தூறினாலும் எழும்பிப் போகாமல் பந்தலுக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவர்களே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் இந்தப் பந்தலையே கட்டிப்போட்டுவிட்டார். அதிகாலை ஆராதனைக்கு இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடந்து போவது, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பலகாரம் சுடுவது, கேரல் கூட்டத்தோடு பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவது, இவைதான் கிறிஸ்துமஸ் என்றார். பரிசு கிழிந்து போகும், உடைந்து போகும், பொழுதுதான் நிற்கும் என்றார். கடைசியில், பிறந்த இயேசுவைப் பார்க்க வந்த பெத்லகேம் இடையர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘அவர்கள் வெறுங்கையோடுதானே வந்தார்கள்?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர் சொன்ன பொழுதுகள் எல்லாம் எனக்கும் உயிர்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் ஐயா. அந்தப் பொழுதுகள் எல்லாம் எப்படி உண்டாயின?

அண்ணன் சொன்ன அந்த அடுப்படிக்கே போவோம். டிசம்பர் 22, 23 ஆகிவிட்டால் எங்கள் வீட்டுப் பின்கட்டில் முந்திரிக்கொத்து வேலை தொடங்கிவிடும். இந்தப் பந்தலில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை. சிறுபயற்றை வாசம் வருகிற வரை வறுத்து, தோல் போகப் புடைத்து, பொடித்து, வறுத்த தேங்காய்ப் பூவும் எள்ளும் ஏலமும் சுக்கும் சேர்த்து, வெல்லப் பாகை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். அதனால் நான்கைந்து கை ஒரே நேரத்தில் வேண்டும். சித்தி வருவார், மைனி வருவார், அடுத்த வீட்டு மாமி அவரே ஒரு பலகையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். உருட்டியதை மஞ்சள் போட்ட மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டவைத்து எண்ணெயில் விடுவார்கள். ஊர்க்கதை முழுவதும் அங்கே வரும். அந்தப் பொழுது இனிமையா என்று கேட்டால், இனிமைதான். அண்ணனோடு சண்டையே இல்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஆள் நாலு. சுடுகிற கொத்து இருநூறுக்குக் குறையாது. நாலு பேர் தின்பதற்கு இருநூறு கொத்து எதற்கு? எங்களுக்கு மட்டும் என்றால் பேக்கரியில் ஒரு பாக்கெட் வாங்கி, அரை மணி நேரத்தில் கிறிஸ்துமஸ் பலகாரத்தை முடித்துவிடலாம். இருபது வீட்டுக்குத் தட்டு போக வேண்டும் என்பதால்தான் இருநூறு. இருநூறு என்பதால்தான் ஐந்து பேர் கை. ஐந்து பேர் கூடியதால்தான் அண்ணன் சொன்ன அந்தப் பொழுது. கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் வந்தது. அது போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தது, சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தது. கொடுக்கிற தட்டை எடுத்துவிடுங்கள், அந்த அடுப்படியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு ஐயா. எந்த வீட்டுக்குக் கிளம்பினாலும் அம்மை வாசலிலேயே நிறுத்திக் கேட்பார், ‘கைய வீசிக்கிட்டா போற?’ என்று. ஒரு சீப்பு மட்டிப்பழம், ரெண்டு தேங்காய், ஒரு பொதி பிஸ்கட், எதுவானாலும் சரி, கையில் ஒன்று இருக்க வேண்டும். சின்ன வயதில் இது ஒரு தொந்தரவு போல இருந்தது. வளர்ந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸில்தான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் கிழக்கு வீட்டுக்கும் நடுவில் ஒரு கையாலை. பழைய மண்சுவர். ஒரு மழைக்காலத்தில் அது இடிந்தது. திரும்பக் கட்டும்போது யார் பக்கம் எவ்வளவு என்று பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்தது. அப்புறம் பேச்சே நின்றது. இரண்டு வருடம். முற்றத்தில் துணி காயப் போடும்போதுகூட இரண்டு வீட்டு அம்மைமாரும் திரும்பி நின்று போடுவார்கள். அதுவரை பண்டிகை பண்டிகைக்குத் தட்டு போய் வந்துகொண்டிருந்த வீடு அது.

இரண்டாவது வருடக் கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து, அம்மை வழக்கம்போலத் தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக், பழம். எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருந்தது. பாட்டி பின்னிய லேஸ் கரை வைத்த வெள்ளைத் துணி ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. வருகிறவர்கள் கண்ணுக்குப் படுகிற மாதிரி மேசையில் விரிப்பார்களே தவிர, அம்மை அதை வெளியே கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தத் துணியால் அந்தக் கூடுதல் தட்டை மூடினார். ‘கிழக்க கொண்டு குடு’ என்றார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ‘பேசாத வீட்டுக்கு எப்படிம்மா போறது?’ என்றேன். ‘பேச வேண்டாம். குடுத்துட்டு வந்தா போதும்’ என்றார்.

கொண்டு போனேன். அந்த வீட்டு மாமி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். துணியை அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் வாங்கி உள்ளே வைத்தார். நானும் வந்துவிட்டேன்.

தட்டு அன்றைக்கு வரவில்லை. புதுவருடத்துக்கும் வரவில்லை. அம்மையும் கேட்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள், நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன், இடிந்த கையாலையைத் தாண்டி மாமியே வருகிறார். கையில் எங்கள் தட்டு. தட்டு நிறைய அவித்த பனங்கிழங்கு. மேலே அந்த லேஸ் துணி, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்தது. ‘உங்க துணி எங்கிட்ட இருந்துட்டு’ என்றார். அம்மை ‘இருக்கட்டு, உள்ள வா’ என்றார். அவ்வளவுதான். அன்று மாமி எங்கள் வீட்டில் ரெண்டு தம்ளர் தேயிலை குடித்தார். கையாலையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அந்த இடத்தில் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து செம்பருத்தி வேலி வைத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள் ஐயா. அம்மை நேரே போய்ப் பேசுவதென்றால் எங்கிருந்து தொடங்குவார்? தப்பு யார் பேரில் என்பதிலிருந்துதானே? அது பேசித் தீருகிற பேச்சா? மாமிதான் சும்மா எப்படி வருவார்? திருப்பிக் கொடுக்க ஒரு தட்டும் துணியும் இருந்ததால்தான் அவருக்கு எங்கள் முற்றத்தில் காலடி வைக்க முடிந்தது. எதிரணியினர் பொழுது பொழுது என்கிறார்களே, அந்தப் பொழுதுக்குக் கால் கிடையாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அது தானாக நடந்து போகாது. பரிசுதான் அதற்குக் கால்.

அந்த லேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கைவேலை அது. திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். விரல் அளவு கரை வருவதற்குள் அந்தி ஆகிவிடும் என்று பாட்டி சொல்லுவார். பரிசு என்றால் வெறும் பொருள் என்று எதிரணி அக்கா சொன்னபோது எனக்கு அந்தத் துணிதான் நினைவுக்கு வந்தது. பாட்டியின் எத்தனையோ மத்தியான நேரம் அந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் அம்மை கிழக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

அடுத்தது, ‘கூட இருப்பதே கிறிஸ்துமஸ்’ என்றார்கள். நல்லது. கூட இருக்க முடிந்தவர்களுக்கு நல்லது. இந்தக் குமரி மாவட்டத்தில் எத்தனை வீட்டில் எல்லோரும் கூட இருக்கிறார்கள்? தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு டிசம்பர் 25 என்று பார்த்துக் கரை திரும்புமா? வாரக்கணக்கில் கடலில் கிடக்கிற தொழில் அது. எல்லையில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிற நம் ஆட்களைச் சொல்லவே வேண்டாம், இந்தப் பந்தலில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஒருவராவது இருப்பார்.

என் அக்காள் குவைத்தில் நர்ஸ். போன எட்டு வருடத்தில் இரண்டே கிறிஸ்துமஸுக்குத்தான் ஊரில் இருந்தாள். மற்ற வருடமெல்லாம் டிசம்பர் முதல் வாரத்திலேயே அம்மைக்கு ஒரு வேலை வந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து குவைத்துக்கு விமானம் ஏறப் போகிறவர் யார் என்று நாலு ஊருக்கு விசாரிப்பார். ஆள் கிடைத்துவிட்டால், அவருடைய பெட்டியில் எவ்வளவு எடை மிச்சம் என்று கேட்பார். ஒரு கிலோ கிடைத்தாலும் போதும். அதற்கென்று தனியாக ஒரு ஈடு முந்திரிக்கொத்து சுட்டு, பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் மேல் அக்காள் பேரை எழுதி அனுப்புவார். கெடாமல் இருக்கிற பலகாரம் என்பதால் முந்திரிக்கொத்துதான் போகும்.

அக்காள் அதை என்ன செய்வாள் தெரியுமா? அள்ளித் தின்ன மாட்டாள். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தால் ஒரு கொத்து. அதுவும் மூன்று உருண்டையையும் தனித்தனியாகப் பிய்த்து, ஒன்றைத் தின்றுவிட்டு, ரெண்டை அறையில் கூட இருக்கிற பெண்களுக்குக் கொடுப்பாளாம். அந்தப் பெண்களில் ஒருத்தி மணிப்பூர்க்காரி. அவள் போன வருடம் வீடியோவில் அம்மையைப் பார்த்து மலையாளமும் இங்கிலீஷும் கலந்து என்னவோ சொன்னாள். அம்மைக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. டின்னைத் தூக்கிக் காட்டியதும் புரிந்துவிட்டது. இந்த வருடம் இருபது கொத்து கூடுதலாகப் போயிருக்கிறது.

கூட இருக்க முடியாதவருக்குக் கிறிஸ்துமஸ் எப்படிப் போய்ச் சேரும் என்று எதிரணியில் யாராவது பதில் சொல்லட்டும். டின்னில்தான் போகும்.

சரி, இனி வேதத்துக்கு வருவோம். அண்ணன் இடையர்களைச் சாட்சிக்கு அழைத்தார். நான் முதலில், நட்சத்திரத்தைப் பார்த்து இயேசு பாலனைத் தேடி வந்த சாஸ்திரிகளை அழைக்கிறேன். கிழக்கிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? பிள்ளைகளைக் கேட்டால் ‘மூணு’ என்பார்கள். நம் குடிலிலும் மூன்று பேரைத்தான் வைக்கிறோம். ஆனால் மத்தேயு சுவிசேஷத்தில் மூன்று பேர் என்று எண்ணிக்கை கிடையாது. சாஸ்திரிகள் வந்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. அவர்களுடைய பேரும் அதில் இல்லை. பின்னே மூன்று எங்கிருந்து வந்தது? பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. அதைப் பார்த்து ஆளும் மூன்று என்று உலகமே எண்ணிக்கொண்டது. வந்தவர்கள் எத்தனை பேர் என்பது எழுதப்படவில்லை, கொண்டுவந்தது என்ன என்பது ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கிறது. ‘பரிசு நிற்காது’ என்ற அண்ணனுக்கு இதை அன்போடு தருகிறேன்.

இடையர்களுக்கு வருகிறேன். அவர்கள் ஆட்டுக்குட்டி கொண்டுவந்தார்கள் என்று படங்களில்தான் பார்க்கிறோம், லூக்காவில் அப்படி இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறுங்கையோடு வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அடுத்த வரியையும் அண்ணன் படித்திருக்கலாம். அந்தப் பிள்ளையைக் குறித்துத் தங்களுக்குச் சொல்லப்பட்டதை அவர்கள் அறிவித்தார்கள். நினைத்துப் பாருங்கள், பெற்ற இடம் சொந்த ஊர் இல்லை, சத்திரத்தில் இடம் இல்லை, மாட்டுக்குத் தீனி வைக்கிற முன்னணையில் பிள்ளையைக் கிடத்தியிருக்கிற ஒரு தாய். அவளிடம் போய், ‘உன் பிள்ளையைப் பற்றி எங்களுக்கு வானத்திலிருந்து சொன்னார்கள் அம்மா’ என்று சொன்னால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர் அதைவிடப் பெரிதாக என்ன கொண்டுபோக முடியும்? மரியாள் அந்தச் சங்கதிகளை எல்லாம் இருதயத்தில் வைத்துக்கொண்டாள் என்று அங்கேயே இருக்கிறது. நாம் கிடைத்த பொருளைப் பெட்டியில் பத்திரமாக வைப்பதுபோல அவள் வைத்துக்கொண்டாள். இடையர்களும் எங்கள் அணிதான் ஐயா.

எதிரணி அக்கா ஒரு நியாயம் சொன்னார். பரிசு என்று வந்துவிட்டால் விலை வருகிறது, யார் என்ன கொடுத்தார் என்ற ஒப்பீடு வருகிறது, கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். உண்மை. நானும் கண்டிருக்கிறேன், வருத்தப்பட்டிருக்கிறேன். கொடுத்ததை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற இடத்தில் அந்த வியாதி பிடிக்கிறது. நம் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமாகச் சொல்லப்படுகிற புனித நிக்கோலாஸ் 4-ஆம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர். இன்றைய துருக்கியில் இருக்கிறது அந்த இடம். டிசம்பர் 6 அவருடைய திருநாள். மூன்று பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுக்க வழியில்லாத ஒரு வீட்டில், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுப் பையைப் போட்டுவிட்டுப் போனார் என்பது வழிவழியாக வருகிற கதை. ஏன் இருட்டில் போட்டார்? வாங்குகிறவர் தலை குனியக் கூடாது என்றுதான். அந்த இருட்டை நாம் மறந்துவிட்டோம், சிவப்புச் சட்டையை மட்டும் வைத்துக்கொண்டோம். அக்கா கோபப்பட வேண்டியது அதன் மேல். கொடுப்பதன் மேல் வேண்டாம்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு டிசம்பரும் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் விளையாடுவோம். சீட்டுக் குலுக்கி, யாருக்கு யார் பேர் வந்தது என்று கடைசி நாள் வரை சொல்லக் கூடாது. எந்த மதத்துப் பிள்ளையானாலும் எல்லோரும் உண்டு. முப்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, கையால் செய்ததாக இருந்தால் ரொம்ப நல்லது என்று சொல்லிவிடுவேன். ஒரு வருடம், முட்டம் பக்கத்திலிருந்து வந்து பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிற ஒரு பையன். அதிகம் பேச மாட்டான். அவனுக்கு வந்த சீட்டு, வகுப்பிலேயே வாய் ஓயாத ஒரு பெண்பிள்ளையின் பேர். கடைசி நாள் எல்லோரும் பேனா, ஸ்டிக்கர், டிபன் டப்பா என்று கொடுத்தார்கள். இவன் செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொட்டலத்தை நீட்டினான். உள்ளே ஏழு சிப்பி. ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுக் காகிதத்தில், எந்தக் கரையில் எடுத்தது, எந்தக் காற்று அடிக்கிற நாளில் எடுத்தது என்று எழுதியிருந்தான். ஒன்றில் மட்டும், ‘இது எங்க அப்பா வலையில வந்தது’ என்று இருந்தது.

அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை. அரை நிமிடம் வகுப்பே அமைதி. அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி. ‘வாடக்காத்துன்னா என்ன, இது எப்படி உள்ள போச்சு, உங்க அப்பா எவ்வளவு தூரம் போவாங்க?’ பதில் சொல்லத் தொடங்கியவன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிறுத்தவில்லை. ஜூன் மாதத்திலிருந்து அவனைப் பேசவைக்க நான் செய்யாத வித்தை இல்லை. ஏழு சிப்பி செய்துவிட்டது.

பிள்ளைகள் செய்கிற நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் சட்டம் கட்டி, மைதாப் பசை காய்ச்சி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து வாசலில் தூக்கிக் கட்டுகிறோம். இப்போது கடையில் வாங்குகிறோம், பரவாயில்லை. அதைக் கட்டிய வீட்டுக்காரர் உள்ளே போய் உட்கார்ந்தால் அவருக்கு அது தெரியாது. வெளியே நடந்து போகிறவருக்குத்தான் தெரியும். கடைசி பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறவர், பால் எடுக்கப் போகிறவர், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு வருகிறவர், இவர்களுக்காக நம் ஊர் முழுவதும் ஒரு மாதம் விளக்கு எரிகிறது. இதைப் பரிசு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இதைவிட அழகான பரிசு தெரியாது.

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கனமானது. மகிழ்ச்சி மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். ‘பரிசு கிழிந்துபோகும்’ என்று அண்ணன் சொன்னதால் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மை தையல்காரி. டிசம்பர் மாதம் தையல்காரி வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒன்று தெரியும், ஊர்த் துணி எல்லாம் முடிந்த பிறகுதான் சொந்தப் பிள்ளையின் துணி மெஷினில் ஏறும். 2004-இல் நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு எடுத்தது இளம்பச்சை நிறத்தில் ஒரு கவுன் துணி. 24-ஆம் தேதி ராத்திரி பதினொன்றுக்குத்தான் அம்மை அதை வெட்டினார். பாதியில் கரண்டு போய்விட்டது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன், அம்மை மெஷினை மிதித்தார். கழுத்துப் பின்னால் வைக்கிற கொக்கியை மட்டும் கையால் தைத்தார். நாலரை மணி ஆராதனைக்குப் போகும்போது அதில் இஸ்திரிச் சூடு இருந்தது. அன்று முழுக்க அதைக் கழற்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. டிசம்பர் 26. என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். குளச்சலிலிருந்தும் கொட்டில்பாட்டிலிருந்தும் ஆட்கள் உள்ளூர்களை நோக்கி ஓடி வந்தார்கள். நடந்தும் லாரியிலும் வந்தார்கள். உடுத்தது உடுத்தபடி, நனைந்தபடி. பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் வீடுகளில் முந்தின நாள் சுட்ட பலகாரமும் கேக்கும் மிச்சம் இருந்தது. எல்லாம் அங்கே போனது. அம்மை எங்கள் அலமாரியைத் திறந்தார். பழையது புதியது பார்க்காமல் எடுத்துப் பொதிந்தார். கடைசியில் என்னிடம் வந்து, ‘மக்களே, அந்தப் பச்ச கவுனத் தாயேன். ஒரு நாளு உடுத்தாச்சுல்லா’ என்றார். எனக்கு அழுகை வந்தது. கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் உயரத்தில் ஒரு பிள்ளை இருந்தாள். நனைந்த துணியை மாற்றி அந்தக் கவுனைப் போட்டாள். பின்பக்கக் கொக்கி அவளுக்கு எட்டவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள், ‘ஆரு தச்சது?’ என்று. ‘எங்க அம்மை’ என்றேன். நாங்கள் பேசியது அவ்வளவுதான். அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

அண்ணா, அந்தக் கவுன் கிழிந்திருக்கும். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ‘பார், பொழுதுதானே உன்னிடம் நிற்கிறது’ என்று நீங்கள் எழும்பிக் கேட்கலாம். கேளுங்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். எல்லாம் கடலோடு போய், என்ன பேசுவது என்று யாருக்குமே தெரியாமல் இருந்த அந்த வராந்தாவில், ஒரு பத்து வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் என்ன சொல்லிக்கொண்டு போய் நின்றிருக்க முடியும்? கையில் அந்தக் கவுன் இருந்தது. அதனால் போனேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன். இன்று மேடைக்குக் கிளம்பும்போதும் அம்மை வாசலில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். அதனால் வெறுங்கையோடு வரவில்லை. இந்த டின்னில் முப்பது முந்திரிக்கொத்து இருக்கிறது. தீர்ப்புக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம், எதிரணி அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் சேர்த்துத்தான் எண்ணி வைத்தார். தீர்ப்பு எப்படி வந்தாலும் எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டின்னை மட்டும் நடுவர் ஐயா வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அது குவைத்துக்குப் போகிற டின், அம்மைக்கு அது வேண்டும். புதுவருடம் கழிந்து ஒரு நாள் அதை வாங்க அவரே உங்கள் வீட்டுப் பக்கம் வருவார். வந்தால் உட்காரச் சொல்லி, ஒரு தேயிலை போட்டுக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.